மைக்கில் நான் சொன்ன பெயர்

அக்கா பயந்தவர். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியதை அக்காவின் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். தைரியசாலி, சிங்கம், எதற்கும் அஞ்சாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். அன்பில் எழுதியது. தப்பில்லை. ஆனால் அக்காவை ஆட்டோவில் வைத்து வார்டு முழுக்க ஓட்டியவன் நான். அக்காவுக்குப் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அட்டைப் படத்தைப் பாருங்கள். வலது கை முந்தானைக்குள் இருக்கும். மாலை போட்ட படத்திலும், மேயர் பக்கத்தில் நிற்கும் படத்திலும் அப்படித்தான். பதவிக்கு ஏற்ற மரியாதை என்று சொல்வார்கள். கை நடுங்கும். அதை மறைக்கத்தான் முந்தானை.

அக்கா ஸ்ரீராம்புரத்தில்தான் பிறந்தார். அப்பா திருவண்ணாமலைப் பக்கமிருந்து மில் வேலைக்கு வந்தவர். மில் மூடிய பிறகு மூட்டை தூக்கினார். அக்கா எட்டாவது வரை கன்னடப் பள்ளியில் படித்தார். அதனால் கன்னடம் நன்றாகப் பேசுவார், எழுதுவார். எனக்குப் படிப்பு வரவில்லை. அக்கா ஊதுபத்தி உருட்டினார். பிறகு கார்மென்ட்ஸ் போனார். அந்தச் சம்பளத்தில்தான் எனக்கு மைக் செட் கடை வைத்துக் கொடுத்தார். கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கட்டுவேன். ஆட்டோ கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் என் ஆட்டோதான் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லும். என் குரல் வந்தால் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். யார் என்று கேட்கத்தான்.

அக்கா கல்யாணம் ஆகி மேட்டுத் தெருவில் குடி வந்தார். மாமா கட்சியில் இருந்தார். கொடி கட்டுவார், போஸ்டர் ஒட்டுவார். கவுன்சிலர் ஆக வேண்டும் என்று ஆசை. தேர்தல் வந்தது. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். கட்சியில், "உங்க வீட்டம்மாவ நிறுத்துங்க" என்றார்கள்.

மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "இத்தினி வருஷம் கொடி கட்னது நானு. சீட்டு உனக்கா?" என்றார்.

"நீ பொடவ கட்டிக்கினு போய் நில்லு. நானா வேணாங்கறேன்?" என்றார் அக்கா.

மாமாவே சிரித்துவிட்டார்.

பிரசாரத்துக்கு என் மைக்தான். ஆனால் நான் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மூத்தவர் பெயரை இளையவர் சொல்வது கிடையாது. "நம்ம வீட்டு அக்கா வர்றாங்க" என்பேன். பெயரைச் சொல்லவும் சின்னத்தைச் சொல்லவும் வேறு ஆள் வைத்தோம்.

மேட்டுத் தெருவுக்குக் கீழே பெரிய மோரி ஓடுகிறது. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன், மோரி என்றால் சாக்கடை. மழை பெய்தால் மேலேயிருக்கிற ஊர்த் தண்ணீர் எல்லாம் அதில்தான் வரும். ஆறு மாதிரி. அதன் தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். கீழ்வரிசை என்போம். எல்லாரும் கூலி வேலை. இடம் போதாமல் பாத்ரூமைச் சுவர் மேலேயே சாய்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தத் தேர்தல் நேரத்தில் மோரி ஓர வீடுகளை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. கீழ்வரிசை சனம் பயந்து கிடந்தது.

அக்கா அங்கே ஆட்டோவிலிருந்து இறங்கி மைக்கை வாங்கினார். "நான் இருக்கிற வரைக்கும் உங்க வீட்ல ஒரு செங்கல்லக்கூட யாரையும் தொட விடமாட்டேன்" என்றார். விசில் அடித்தார்கள். பாக்கியம்மாள் ஆரத்தி எடுத்தார். தெரு கூட்டும் வேலை செய்கிறவர். கீழ்வரிசைக்கு அவர் வாய்தான் வாய். அந்த ஒரு வரிசை ஓட்டில்தான் அக்கா ஜெயித்தார்.

முதல் நாள் ஆபீசில் மாமா போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம் மாமாவிடம் பேசினார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் காப்பி சொல்லிட்டு வாங்க" என்றார். மாமா காப்பி சொல்லிவிட்டு வந்தார். நாற்காலியில் அக்கா இருந்தார். அதற்குப் பிறகு மாமா அதில் உட்காரவில்லை. வெளியே நின்று வருகிறவர்களுக்கு வழி சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

அக்கா தண்ணீர்க் குழாய் மாற்றினார். சுடுகாட்டு வழிக்கு விளக்குப் போட்டார். கார்மென்ட்ஸ் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு அங்கன்வாடி அறை கட்டினார். பாலிகேயில், அதாவது மாநகராட்சிக் கூட்டத்தில், எழுந்து கன்னடத்தில் பேசினார். இதையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது சுவர் விஷயம்.

பதவிக்கு வந்த முதல் மழைக்காலத்தில் இஞ்சினியர் ஒருவர் கீழ்வரிசைக்கு வந்தார். நல்ல மனிதர். சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் பழசு, அடியில் மண் போய்விட்டது, புதுசாகக் கட்ட வேண்டும் என்றார். அதற்குப் பாத்ரூம்களை எல்லாம் இடிக்க வேண்டும்.

"இடிக்கக் கூடாது. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் அக்கா.

"மளெ கேளல்லா, மேடம்" என்றார் அவர். மழை அதைக் கேட்காது என்று அர்த்தம்.

இஞ்சினியர் போன பிறகு அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்தார். சுவர் ஈரமாக இருந்தது. கையை எடுத்து முந்தானையில் துடைத்தார். துடைத்த கையை வெளியே எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பழக்கம் வந்தது.

அதற்குப் பிறகு மேகம் கறுத்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது. "வண்டிய எடுடா" என்பார். கீழ்வரிசைக்குப் போவோம். சுவரில் கை வைத்துப் பார்ப்பார். மழை விடும்வரை அங்கேயே நிற்பார். கவுன்சிலர் மழையிலும் வந்து நிற்கிறார் என்று சனம் பெருமையாகப் பேசும். அக்கா என்னிடம் மட்டும் சொல்வார், "பயமா இருக்குதுடா, சொவரு தாங்காது."

"இடிச்சுக் கட்டச் சொல்லிடேன் அக்கா" என்பேன்.

"எந்த மூஞ்ச வச்சுக்கினு சொல்றது?"

ஐந்து வருடம் இப்படியே போனது. கவுன்சில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு பாலிகேவுக்குத் தேர்தலே வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். அக்கா மாஜி ஆனார். ஆபீஸ் இல்லை. ஆனால் சனம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இனி ஓட்டு இல்லை, கேட்டுவிடலாம் என்று அக்கா நினைத்தார். கீழ்வரிசையில் வீடு வீடாகப் போனார். பாத்ரூமை விட்டுக் கொடுங்கள், சுவர் கட்டச் சொல்லிக் கேட்கிறேன் என்றார்.

பாக்கியம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பதவி இருந்தப்ப தொடமாட்டேன்னே. பதவி போனதும் இடிக்கச் சொல்றியா? எந்த பில்டர்கிட்ட பேசி வச்சிருக்கே?"

அக்கா திரும்பி வந்தார். ஆட்டோவில் ஏறிச் சைடு திரையை இறக்கிவிடச் சொன்னார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் முன்னால் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த பெரிய மழைக்கு என்னை மைக்கில் சொல்லச் சொன்னார். சுவர் தாங்காது, எல்லாரும் மேலே பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று சொன்னேன். வந்தார்கள். பிள்ளைகளோடு நனைந்துகொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மழை விட்டு வெயில் அடித்தது. சுவர் அப்படியே நின்றது. சனம் எங்களைத் திட்டிக்கொண்டே போனது. இன்னொரு தடவை சொன்னபோது பாதிப் பேர்தான் வந்தார்கள். அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு என் ஆட்டோவைப் பார்த்தாலே, "இன்னாண்ணா, இன்னைக்கு சுனாமியா?" என்று கேட்பார்கள்.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் ஆகவில்லை. எங்கள் தெருவில் தூறல்தான். மேலே எங்கேயோ கொட்டியிருக்கிறது. மோரி கறுப்பாக, சுவரின் தலை வரைக்கும் வந்துவிட்டது. சத்தம் வேறு மாதிரி இருந்தது. அக்கா சுவரில் கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"அசையுதுடா" என்றார்.

நான் மைக்கைப் போட்டுக் கத்தினேன். சுவர் அசைகிறது, வெளியே வாருங்கள் என்றேன். ஒருவரும் வரவில்லை. தூறல்தானே. ஒரு பையன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "உள்ள வாண்ணா, டீ குடிச்சிட்டுப் போ" என்றான். பாக்கியம்மாள் துணி எடுக்க வந்தார். என் ஆட்டோவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சுவர் ஓரம் நின்ற அக்காவை அவர் பார்க்கவில்லை. அக்கா இரண்டு கதவைத் தட்டினார். திறக்கவில்லை. டி.வி. சத்தம்தான் கேட்டது. சுவர் அடியில் ஒரு இடத்தில் தண்ணீர் பீச்ச ஆரம்பித்தது.

அக்கா ஆட்டோவுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் செத்துட்டேன்னு சொல்லு."

எனக்குப் புரியவில்லை.

"மைக்ல சொல்லு. நான் செத்துட்டேன், பாடி வீட்ல இருக்குதுன்னு சொல்லு. மழன்னா வரமாட்டாங்க. சாவுன்னா வருவாங்க."

"அக்கா, என் வாயால எப்படிக்கா?"

"உன் வாய் சொன்னாத்தான் நம்புவாங்க. நீதானே எல்லாச் சாவும் சொல்றே. சொல்லுடா!"

உள்ளே ஏறித் திரையை இறக்கிக்கொண்டார்.

எத்தனையோ சாவு சொன்ன வாய். அன்றைக்குத் திறக்கவில்லை. உயிரோடு இருப்பவரைச் செத்தார் என்று சொல்லலாமா? சொன்னால் பலித்துவிட்டால்? பின் சீட்டில் அக்கா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. மைக்கை எடுத்தேன். முதல் தடவையாக அக்காவின் பெயரை என் வாயால் சொன்னேன். அன்னார் சற்று முன் காலமாகிவிட்டார், உடல் மேட்டுத் தெரு வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்றேன். என் குரல் உடைந்தது. நடிக்கவில்லை.

டி.வி.க்கள் நின்றன. கதவுகள் திறந்தன.

பாக்கியம்மாள் செருப்பில்லாமல் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ எம்மா, நான் பேசின பேச்சாலதான் போயிட்டியா" என்று கத்தினார். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார்கள். எல்லாரும் என் ஆட்டோவைத் தாண்டித்தான் மேட்டுக்கு ஏறினார்கள். திரைக்குள் அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார்.

வரிசை காலியானதும் அக்கா இறங்கினார். கடைசி வீட்டுத் துரைசாமி பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர். அவரைக் கொண்டுபோக முடியாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முழங்கால் வரை தண்ணீரில் நடந்து உள்ளே போனோம். அக்காவைப் பார்த்ததும் அவருக்குக் கண் பிதுங்கியது.

"நீ... செத்துட்டியாமே" என்றார்.

"ஆமா. உன்னக் கூட்டிக்கினு போகத்தான் வந்தேன். எழுந்திரு" என்றார் அக்கா.

பாயோடு தூக்கி ஆட்டோவில் போட்டோம். அவர் வழியெல்லாம் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆட்டோ மேட்டில் பாதி ஏறும்போது பின்னால் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தார். "போச்சு" என்றார். கீழ்வரிசையின் பின் பாதி முழுவதும் போய்விட்டது. பாத்ரூம், அடுப்படி, பீரோ எல்லாம் மோரியில் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. மாமாவின் காதிலும் அது விழும் என்பதை. கடைத்தெருவில் இருந்தவர் கேட்டு ஓடி வந்திருக்கிறார். வீட்டில் உடல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது என்று யாரோ சொல்ல, வாசல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் மயங்கி விழுந்திருந்தாள். ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. ரோஜா மாலைகூட வந்துவிட்டது.

அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஒப்பாரி நின்றது. பாக்கியம்மாள் எழுந்து வந்து அக்காவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். "பாவி! இன்னா வெளையாட்டு இது?"

"சொவரு போச்சு, பாக்கியம்" என்றார் அக்கா.

கீழேயிருந்து ஒருவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார், எல்லாம் போச்சு என்று. பாக்கியம்மாள் திரும்பிப் பார்த்தார். அறைந்த கையைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் அக்காவின் காலில் விழப் போனார். அக்கா பிடித்துக்கொண்டார். மாமா மட்டும் தரையிலிருந்து எழவில்லை. அக்காவின் புடவைக் கரையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே இப்படிப் பண்ணாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெரியவர்கள் அக்காவை உடனே வீட்டுக்குள் விடவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, புதுப்புடவை கட்டச் சொல்லி, விளக்கைப் பார்க்கச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். அந்த மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சாமிக்கும் போட முடியாது, வீட்டிலும் வைக்க முடியாது. அக்காவே எடுத்துப் போய் மோரியில் போட்டார்.

கீழ்வரிசையில் புதுச்சுவர் வந்தது. இடிப்பதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லையே. எதிர்க்கட்சிக்காரர்கள் 'செத்துப் பொழைச்ச கவுன்சிலர்' என்று பெயர் வைத்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா இருமினால் எனக்குப் பயம். போன் எடுக்காவிட்டால் பயம். என் வாய் சொன்னது பலித்துவிடுமோ என்று கோயில் கோயிலாகப் போனேன்.

"செத்ததா பேச்சு வந்தா ஆயுசு கூடும்டா. நீ எனக்கு ஆயுசு போட்டுக் குடுத்திருக்கே, போ" என்பார் அக்கா.

போன வருடம் கோடையில் ஒரு நாள் காலை. வானம் பளிச்சென்று இருந்தது. அக்கா சட்னி அரைத்து வைத்துவிட்டு, நெஞ்சு என்னவோ செய்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

நானே சொல்கிறேன் என்று மைக்கை எடுத்தேன். வேறு யார் சொன்னாலும் சனம் நம்பாது. இரண்டாவது தடவையாக அக்காவின் பெயரைச் சொன்னேன். அதே வார்த்தைகள்தான். சாவுக்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

கீழ்வரிசைக் கதவுகள் திறந்தன. யாரும் அழவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். ரேஷன் கார்டு, துணி மூட்டை, ஒருவர் கேஸ் சிலிண்டர் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். துரைசாமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டார்கள். ஒரு ஆள் பாக்கியில்லாமல் வெயிலில் மேட்டுக்கு ஓடினார்கள். நான் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "இல்லைங்க, இல்லைங்க" என்றேன். அவர்கள் காதில் விழவில்லை.

பாக்கியம்மாள் என் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"தண்ணி எங்க வரைக்கும் வந்திருக்குது?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அக்கா உள்ளதானே இருக்கா?"

சைடு திரையைத் தூக்கிப் பார்த்தார். சீட்டு காலியாக இருந்தது. பிறகு திரையை மெதுவாக இறக்கிவிட்டார்.

கடைசிக் காரியங்களுக்கு உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முன்னால் வண்டி விட்டு வழி எடுத்துக் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கு, கூலி வேண்டாம் என்று தமட்டை அடித்தவர்களுக்கு, பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட டீச்சருக்கு, வந்த கூட்டத்துக்கெல்லாம் சமைத்துப் போட்ட கீழ்வரிசைப் பெண்களுக்கு நன்றி. திருவண்ணாமலையிலிருந்து வந்த உறவினர்களுக்கும், கட்சி பார்க்காமல் வந்து நின்றவர்களுக்கும் நன்றி. மாமா பேசும் நிலையில் இல்லை. அவருக்காகவும் நான் சொல்கிறேன்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலர் கீழ்வரிசையிலும் வீட்டுக்கு ஒன்று கொடுக்கிறோம். இந்த வருடம் மேகம் சீக்கிரமே கூடுகிறது. நான் தினமும் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன். சுவர் புதுசுதான். மோரி அதே மோரி. என் கையும் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

நான் மைக்கில் கூப்பிட்டால் மழை என்று மட்டும்தான் சொல்வேன். சொல்வதற்கு வேறு இல்லை. சாவு சொல்லிக் கூப்பிட அக்கா ஒருவர்தான் இருந்தார். தூறலாக இருந்தாலும், வெயிலே அடித்தாலும், தயவுசெய்து வெளியே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தம்பி